இரண்டு காமிராக்களும் ஒரு ‘ஆச்சு’வும்

மக்கா ஞானமுத்து,

இது என் சொந்தக் கை எழுத்து. பார்த்ததும் திகைத்துவிடாதே. வரிகள் வலது பக்கம் போகப் போகக் கீழே இறங்கும். நீர் வடியும்போது கட்டாமல் விட்ட வள்ளத்தைப் போல என் பென்சில் தன் போக்கில் போகிறது. சில எழுத்து நெல்லிக்காய் அளவு, சில எழுத்து கடுகு அளவு. அதற்காக என்னைப் பொறுத்துக்கொள். ‘ழ’ மட்டும் நன்றாக இருக்கும் பார். வாயால் சொல்ல எனக்கு ஒருநாளும் கஷ்டம் இருந்ததில்லை, கையால் சொல்ல மூன்று நாள் ஆயிற்று. இப்போது எங்கே ‘ழ’ வருகிறதோ அங்கே கொஞ்சம் நின்று, அழகு பார்த்துவிட்டுத்தான் அடுத்த எழுத்துக்குப் போகிறேன். அறுபது வயது தாண்டியவனுக்கு இவ்வளவு சந்தோஷம் ஆகுமா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். இதை எழுத ஆரம்பித்து இன்றைக்கு இருபது நாளாகிறது. முழுவதும் வாசித்த பிறகும் உனக்குச் சிரிப்பு வருமா என்று எனக்குத் தெரியாது.

நான் எழுத்துப் படித்ததற்கு நீதான் காரணம். கலியாணம் முடிந்து நீ மறுபடி கொழும்புக்குக் கப்பல் ஏறிய பிறகு, மாதம் ஒரு கடிதம் போடுவாய். உன் பெண்டாட்டி ரூத் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு வந்து, எனக்கு வாசித்துக் காட்டுவாள். வாசிக்கும்போது இடையில் நிறுத்துவாள், கண் மட்டும் நாலு வரி கீழே ஓடும், பிறகு சத்தம் வரும். “ஏட்டி, நடுவுல எதையோ முழுங்கினியே?” என்று கேட்பேன். “அது எனக்குள்ளது மாமா. உங்களுக்குள்ளது அடுத்த பக்கத்துல இருக்கு” என்பாள். முகம் சிவந்துவிடும். ஒருநாள் அவளே, “மாமா, நீங்களே படிச்சா என்ன? உங்களுக்குள்ளதை நீங்க வாசிச்சிட்டு எனக்குள்ளதை எங்கிட்டத் தந்திரலாமே” என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். நான் மறுநாளே அவளுடைய சிலேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். முதலில் என் பெயரை எழுதித் தருவதாகச் சொன்னாள். “பேரு எங்கேயும் ஓடிப்போகாது. ‘ஆச்சு’ன்னு எழுதிக் காட்டு” என்றேன். எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

மணக்குடிக் காயலில் நான் வள்ளம் ஊன்றிய காலத்தில் ஒரு வருஷம் தை மாதம் ஐயா வந்தார். சர்வே உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் நம் பக்கம், குடியிருப்பு திருவனந்தபுரத்தில். பறவை பறக்கும்போது படம் பிடிக்க வேண்டும், அதைப் பற்றி ஒரு புஸ்தகம் போட வேண்டும் என்பது அவருடைய கிறுக்கு. உப்பளத்துப் பக்கம் பூநாரைகள் வந்து இறங்கியிருந்தன. நிற்கும்போது வெறும் வெள்ளைப் பறவை அது. எழும்பினால்தான் சிறகுக்குள் இருக்கும் சிவப்பும் கறுப்பும் தெரியும். அதற்காகத்தான் பறக்கும்போது பிடிக்க வேண்டும் என்பார். “காயிதத்துல சிவப்பு விழாதே ஐயா” என்றேன். “விழாதுவே. ஆனா பறந்ததுன்னு தெரியுமில்லா” என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அவரிடம் இருந்தது பெரிய காமிராப் பெட்டி. நீ தூக்கியிருக்கிறாய், அதன் கனம் உனக்குத் தெரியும். மேலே தோல் கூடு. அதற்குள் முகத்தை வைத்துக் குனிந்து பார்க்க வேண்டும். உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்து நின்று முன்னால் இருப்பதை மேலே காட்டும். ஆனால் வலது இடதாகத் தெரியும். பறவை கிழக்கே போனால் பெட்டிக்குள் மேற்கே போகும். ஐயா அதன் பின்னால் திருப்பப் போய் எதிர்ப்பக்கம் திருப்பிவிடுவார். விசையை அழுத்தினால் முதலில் அந்தக் கண்ணாடி ‘தடக்’ என்று எழும்பி வழிவிடும்; அதன் பிறகுதான் திரை ஓடித் தகட்டில் படம் விழும். பறவை எழும்பியது தெரிந்து அழுத்தினால், படம் விழும்போது பறவை போய்விட்டிருக்கும். ஒரு தடவை அழுத்தினால் ஒரு கண்ணாடித் தகடு தீர்ந்தது. அடுத்ததை மாற்றுவதற்குள் கூட்டமே கடலுக்கு மேல் போய்விடும். முதல் நான்கு நாளும் வெறும் வானத்தைத்தான் பிடித்தார். ஐந்தாம் நாள் நான் கழுக்கோலை ஊன்றி வள்ளத்தை நிறுத்திவிட்டு, “ஐயா, நீங்க பறவையைப் பாக்காண்டாம். பெட்டியைப் பாருங்க. நான் சொல்லுகேன்” என்றேன். பூநாரை எழும்புவதற்கு முன் காற்றைப் பார்த்துத் திரும்பும். கழுத்தை நீட்டும். ஒரு காலை முன்னால் வைக்கும். அந்தக் கால் தண்ணீரில் படும்போது நான் “ஆச்சு” என்பேன். பறவை இன்னும் எழும்பியிருக்காது. ஆனால் எனக்கு அது ஆகிவிட்ட காரியம். ஐயா அழுத்த, கண்ணாடி எழும்ப, திரை ஓட, அதற்குள் பறவை சிறகை விரித்து என் சொல்லுக்கு வந்து சேர்ந்திருக்கும். அன்றைக்கு எட்டுத் தகடு. ராத்திரி ஐயா கழுவிப் பார்த்தபோது எட்டிலும் சிறகு விரிந்திருந்தது. மறுநாள் வள்ளத்திலேயே எழுந்து நின்று அதைச் சொல்லிக் கையைத் தட்டினார், மூன்று பேரும் தண்ணீரில் விழப் பார்த்தோம்.

இங்கே நான் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வள்ளத்தில் நீயும் இருந்தாய். நாகர்கோவிலில் படித்துவிட்டு வேலை அமையாமல் இருந்த நேரம். தகடு எடுத்துக் கொடுப்பதும் வாங்கி வைப்பதும் உன் வேலை. ஒருநாள் ஐயா, “பையன் சொல்லட்டுமே” என்றார். நீ “ஆச்சு” என்றாய், பறவை நின்றது. மறுபடி சொன்னாய், பறவை போய்விட்டிருந்தது. மூன்று தகடு வீண். நான் சும்மா இருந்திருக்கலாம். “ஏலே, ஒன் கண்ணு ஒரு ஊர்லயும் வாயி இன்னொரு ஊர்லயுமா இருக்கு?” என்று கேட்டுவிட்டு நானே சிரித்தேன். ஐயாவும் சிரித்தார். நீ தகட்டுப் பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டாய். உன் முகத்தை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு மறந்தும் போனேன். பறவை காலை எடுத்து வைப்பதை அத்தனை தூரத்தில் கண்டவன், பக்கத்தில் இருந்த உன்னைக் கவனிக்கவில்லை.

அடுத்த வருஷம் ஐயா சின்னப் பெட்டியையும் கொண்டுவந்தார். உள்ளங்கையில் அடங்கும். தகடு கிடையாது, சினிமாச் சுருள் மாதிரி ஒரு சுருள், முப்பத்தாறு படம். கூட்டுக்குள் குனிய வேண்டாம், ஓட்டை வழியாக நேராகப் பார்க்கலாம். வலது வலதாகவே இருக்கும். கண்ணாடி எழும்பும் சத்தம் இல்லை, ‘டிக்’ என்று ஒன்று, அவ்வளவுதான். அன்றைக்கு ஒரு சுருள் முழுவதும் நான் சொல்லச் சொல்ல அவர் பிடித்தார். கழுவிப் பார்த்தால் முப்பத்தாறிலும் பூநாரை தண்ணீரில் நின்றது. ஒன்றுகூடப் பறக்கவில்லை. ஐயா சுருளைத் தூக்கிப் பிடித்து வெகு நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திருவனந்தபுரம் போய்விட்டார். நான் வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு அவர் கடிதம் வந்தது. தபாலாபீசிலிருந்து நீதான் வாங்கி வந்தாய், நீதான் வாசித்தாய். நான் முற்றத்தில் வலைக்குக் கண் போட்டுக்கொண்டிருந்தேன். “என்னலே எழுதியிருக்காரு?” என்றேன். நீ வாசித்தது எனக்கு இன்றும் மனப்பாடம். முப்பத்தாறு படமும் பாழ். உமக்குக் கண் மங்கிவிட்டது. இனி வள்ளத்துக்கு உம்மை அழைப்பதில் பிரயோசனம் இல்லை. கூடவே வந்த பார்சலில் சின்னப் பெட்டி இருந்தது. “இது எதுக்கு?” என்றேன். “நீங்க கெடுத்த பெட்டி அவருக்கு வேண்டாமாம். என்னையே வெச்சுக்கிடச் சொல்லியிருக்காரு” என்றாய். நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? கெட்டுப்போன சாமானை உன் தலையில் கட்டிவிட்டேனே என்று கேட்டேன். ஐயாவுக்கும் மன்னிப்பு எழுதச் சொன்னேன். நீ எழுதினாய், கீழே நான் பெருவிரல் மையை ஒற்றினேன். பதிலும் வந்தது. “சரி, போகட்டும்னு எழுதியிருக்காரு” என்றாய். அந்த வருஷமே நீ அந்தப் பெட்டியோடு கொழும்புக்குப் புறப்பட்டாய். பஸ் ஏறும் வரை அந்தப் பெட்டியை என் மேல்துண்டில் சுற்றி நான்தான் சுமந்தேன்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் நான் கழுக்கோலைத் தொடவில்லை. வள்ளத்தைப் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுத்துவிட்டுக் கயிறு திரிக்கப் போனேன். கயிறு திரிக்கக் கண் வேண்டாம். பறவைக் கூட்டம் தலைக்கு மேல் போனால் நிமிர்ந்து பார்க்க மாட்டேன். ஒரு தடவை வெளியூரிலிருந்து யாரோ என் பெயரை விசாரித்து வந்தார்கள், பூநாரை காட்டுவாயா என்று. “எனக்குக் கண்ணு தெரியாது” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நல்ல வெயிலில் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கக்கூட ஆரம்பித்தேன். ரூத் வந்த புதிதில் என் கையைப் பிடித்துத்தான் கோயிலுக்குக் கூட்டிப் போவாள். நீ அவளிடமும் அப்படித்தானே சொல்லி வைத்திருந்தாய்? எழுத்துப் படிக்க ஆரம்பித்ததும் அவள்தான் முதலில் சந்தேகப்பட்டாள். காகிதத்தைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து வாசிப்பேன். “மாமா, கடுதாசியை அக்கரையில வெச்சிட்டு இக்கரையில இருந்து வாசிக்கீங்க. உங்களுக்குக் கிட்டத்துலதான் தெரியல்ல. தூரம் எங்களைவிட நல்லாத் தெரியுது” என்றாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பாடப் புஸ்தகம் தீர்ந்த பிறகு, வாசிக்க ஒன்றும் இல்லாமல் தகரப் பெட்டியைத் திறந்தேன். ஐயாவின் இரண்டு கடிதமும் அதில் இருந்தன. தெரிந்த சொல் ஏதாவது தட்டுப்படுகிறதா என்று தேடுவதில் எனக்கு ஒரு ருசி; காயலில் பறவை தேடுவது போல. முதல் கடிதத்தின் நடுவில் ஒரு சொல் தானாக எழும்பி வந்தது. ‘ஆச்சு’. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. என் சொல் ஐயாவின் கையெழுத்தில்! பிறகு இன்னொன்று தோன்றியது. நீ வாசித்தபோது இந்தச் சொல் இல்லையே.

ரூத்திடம் கொடுத்திருந்தால் ஒரு நிமிஷத்தில் வாசித்திருப்பாள். கொடுக்கவில்லை. உன் பெண்டாட்டி உன்னைப் பற்றி அதில் எதைத் தெரிந்துகொள்வாளோ என்று பயம். நானே எழுத்துக் கூட்டினேன். ஒரு நாளைக்கு இரண்டு வரி. ஐயா எழுதியிருந்தது இது. முப்பத்தாறு படத்திலும் பறவை ஒரே மாதிரி நிற்கிறது: கழுத்து நீண்டு, ஒரு கால் முன்னால், சிறகு மூடி. முப்பத்தாறு தடவையும் நீர் ஒரே கணத்தில் ‘ஆச்சு’ சொல்லியிருக்கிறீர். இப்படி ஒரு கண்ணை நான் பார்த்ததில்லை. பிழை உம்முடையதும் இல்லை, பெட்டியுடையதும் இல்லை. உம்முடைய சொல், கண்ணாடி எழும்பும் நேரத்தைச் சேர்த்து வைத்துச் சொல்லிப் பழகிய சொல். சின்னப் பெட்டியில் அந்தக் கண்ணாடி இல்லை. அரை மூச்சு தாமதித்துச் சொன்னால் போதும். சின்னப் பெட்டியை அனுப்பியிருக்கிறேன். பெரியது என்னிடம் இருக்கிறது. இரண்டில் ஒன்று உமக்கு. பறக்கும் பறவைக்கு எது நல்லது என்று நீர் சொல்வதைப் புஸ்தகத்தில் உம் பெயர் போட்டு அச்சடிப்பேன். அடுத்த தை மாதம் வருகிறேன்.

இரண்டாவது கடிதத்தில், ஐயாவின் கையெழுத்தில் ஒரு எழுத்து பிடிபடாமல் இரண்டு நாள் நின்றேன். மணலில் அதை மட்டும் வரைந்து ரூத்திடம் கேட்டேன். “அது ‘ங’ மாமா. தனியா வராது. சங்குல வரும், மாங்காயில வரும்” என்றாள். உள்ளே போய் மறுபடி கூட்டினேன். ம, ங், கி. மங்கி. ‘கண் மங்கியதாக நீரே எழுதியிருப்பது கண்டு வருந்தினேன். உம்முடைய விரலடையாளத்தையும் பார்த்தேன். இனி உம்மைத் தொந்தரவு செய்ய மாட்டேன். பெட்டி உம்மிடமே இருக்கட்டும்.’ சங்கிலும் மாங்காயிலும் வருகிற எழுத்துத்தான். எனக்கு இங்கே வந்தது.

அன்று மத்தியானம் சுவரைத் தொடாமல் காயலுக்கு நடந்தேன். இது தை மாதம்; பறவை வந்திருந்தது. கரையில் நின்று ஒன்றைத் தேர்ந்துகொண்டேன். காற்றுக்குத் திரும்பியது. கழுத்தை நீட்டியது. காலை வைத்தது. “ஆச்சு” என்றேன். அரை மூச்சு. எழும்பியது. அடுத்தது. அதுவும். வெயில் சாயும் வரை சொல்லிக்கொண்டே நின்றேன், ஒன்றுகூட என்னை ஏமாற்றவில்லை. கயிற்றுக்காரப் பெண்கள் அந்த வழியே போனார்கள். “பாட்டாவுக்கு என்ன ஆச்சு? தன்னால பேசுகாரு” என்றாள் ஒருத்தி. “எல்லாம் ஆச்சு மக்களே” என்றேன். சிரித்தேன். கண்ணில் நீர் வந்தது. அந்த நீர் வழியாகவும் நன்றாகத்தான் தெரிந்தது.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே என்று இந்த இடத்தில் எழுதத்தான் நினைத்தேன். தகப்பன்மார் அப்படித்தான் சொல்வார்கள். மூன்று நாள் யோசித்தேன். என் முதல் கடிதத்தில் பொய் எழுத மனம் வரவில்லை. நீ கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். அந்தச் சின்னப் பெட்டியை நானே வைத்துக்கொண்டிருப்பேன். அரை மூச்சுத் தாமதித்துச் சொல்லி, முப்பத்தாறும் பறக்கும் ஒரு சுருளை ஐயாவிடம் கொடுத்திருப்பேன். உன்னை மறுபடியும் தகட்டுப் பெட்டி தூக்க வைத்திருப்பேன். உனக்கு அது தெரிந்திருந்தது. ஆகவே பெட்டியை எடுத்தாய். அதைக்கூட நான் விழுங்கிவிடுவேன். பெட்டியை எடுத்தவன் என் கண்ணையும் ஏன் எடுத்தாய்? ஐயா வேறு ஆளை வைத்துக்கொண்டார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே. வருத்தப்பட்டிருப்பேன், வள்ளத்தை விட்டிருக்க மாட்டேன். ஆறு வருஷம், மக்கா. ஆறு தை மாதம் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். அன்றைக்கு வள்ளத்தில் நான் சிரித்த சிரிப்புக்கு இவ்வளவா? அதை நீதான் சொல்ல வேண்டும். எவ்வளவு என்று எனக்கு அளக்கத் தெரியவில்லை.

போன மாதக் கடிதத்தில் கேட்டிருந்தாய்: கொழும்பில் பறக்கும் கடற்பறவைகளைப் பிடிக்கிறாய், சரியாக விழவில்லை, பெரிய பெட்டி வாங்கினால் சரியாகுமா, ஐயா அப்போது ஏதாவது சொன்னாரா என்று. அதை வாசித்தது ரூத் இல்லை, நான். உனக்குள்ள பதில் இதோ. பூநாரை மாதிரி பெரிய உடம்புள்ள, நின்று நிதானித்து எழும்பும் பறவைக்குப் பெரிய பெட்டி நல்லது. அதன் கனமே வள்ளத்தின் ஆட்டத்தை அமுக்கும். தகடும் பெரியது, சிறகின் ஒவ்வொரு இறகும் விழும். ஆலா மாதிரி வானத்திலிருந்து தலைகீழாக விழும் பறவைக்குப் பெரிய பெட்டி உதவாது, அதற்குச் சின்னதுதான். ஆனால் தூரத்துப் பறவை அதில் கடுகாக விழும், பெரிதாக்கினால் மணல் மணலாகத் தெரியும். அதனால் கிட்டத்தில் போக வேண்டும், பொறுமையாக இருக்க வேண்டும். இரண்டிலும் உனக்கு விழாமல் போவதற்குக் காரணம் வேறு. நீ பறவை எழும்பிய பிறகு அழுத்துகிறாய். காலைப் பார். காலை வைத்த பிறகு சின்னப் பெட்டிக்கு அரை மூச்சு விடு. இது ஐயா கண்டுபிடித்தது. உன்னிடம் வந்த கடிதத்திலேயே இருந்தது. நீ உனக்காகக்கூட அதைச் சரியாக வாசிக்கவில்லை.

இனி என் காரியம். ஐயா இன்னும் திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவர் கேட்ட கேள்விக்கு ஆறு வருஷம் கழித்து நான் பதில் எழுதப் போகிறேன். மேலே உனக்கு எழுதியதைத்தான் அவருக்கும் எழுதுவேன். சின்னக் கடிதம், ஒரு வாரத்தில் முடித்துவிடுவேன். முதல் வரி, ‘என் கண் நன்றாக இருக்கிறது’. வேறு எதுவும் எழுதாவிட்டாலும் அந்த ஒரு வரியே உன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அதை எழுதாமல் விட என்னால் முடியாது. ரூத்திடம் இதுவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. ஐயாவுக்கும் அவளுக்கும் நீ முந்திக்கொண்டு சொன்னால் அது உன் வாயால் வந்ததாக இருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து ஐயாவுக்கு எழுத உட்காருவேன். எழுதி முடித்ததும் உனக்கும் ஒரு தாளில் அதையே எழுதி அனுப்புகிறேன். அதற்குள் உன் பதில் வந்தால் உறையின் மேல் என் பெயரைப் போடு, ரூத் பெயரைப் போடாதே. யாரையும் வாசிக்கச் சொல்ல மாட்டேன். எத்தனை நாளானாலும் எழுத்துக் கூட்டி நானே வாசிப்பேன்.

அப்பா